சின்னக்கரட்டுக் கல்

ஜூன் 5, திங்கள்

முந்நூற்றுப் பன்னிரண்டு கற்கள். ஒரு கல்லுக்கு ஒரு படிவம். ஒரு படிவத்தில் பதினோரு கேள்வி. இதைக் கண்டுபிடித்த மகராசனுக்கு வீட்டில் வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

காலையில் கல்லூரியிலிருந்து ஜெசிந்தா வந்திருந்தாள். அங்கே புதிதாகக் கட்டியிருக்கும் அருங்காட்சியகத்துக்கு அவள்தான் பொறுப்பு. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். என் கற்கள் முழுவதையும் ஒரு தனி அறையில் வைப்பார்களாம். வாசலில் ‘அர்த்தநாரி கனிமக் கூடம்’ என்று பலகை. ஆகஸ்டில் திறப்பு விழா.

மின்வாரியத்தில் முப்பத்தாறு வருஷம் வீடு வீடாக மீட்டர் பார்த்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? போன ஊரில் எல்லாம் கிணற்று மேட்டிலும் குவாரியிலும் குனிந்து குனிந்து பொறுக்கினது வீண்போகவில்லை. இப்போது மூன்று பீரோ, கட்டிலுக்கு அடியில் பதினாறு பெட்டி. கலாமணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவற்றைச் சுற்றித்தான் கூட்டிப் பெருக்குகிறாள்.

ஆனால் ஒவ்வொரு கல்லுக்கும் எந்த ஊர், யார் நிலம், எந்த வருஷம், யார் எடுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். “பொறந்த ஊரு தெரியாத கல்லு வெறும் கல்லுதான் சார். காட்சிக்கு வைக்க முடியாது” என்கிறாள். எனக்கே பாடம் நடத்துகிறாள். ஒவ்வொரு கல்லின் அடியிலும் நான் எண் எழுதியிருக்கிறேன், எண்ணுக்கு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், சீட்டில் ஊர் இருக்கிறது. அதைச் சொன்னேன்.

“அப்ப சீக்கிரம் முடிஞ்சிரும் சார்” என்று படிவக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 8, வியாழன்

நாற்பது படிவம் முடிந்தது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. மெக்கானிக் ‘இதோ வர்றேன்’ என்று சொல்லி மூன்று நாள் ஆகிறது. குடத்தில் சுமந்து முதுகு போயிற்று.

நாற்பத்தோராம் கல்லில் நின்றுவிட்டேன். சீட்டில் ‘ஓடப்பள்ளம்’ என்று இருக்கிறது. நான் எப்போது ஓடப்பள்ளம் போனேன்? போயிருப்பேன். இருப்பதை அப்படியே எழுதினேன்.

ஜூன் 12, திங்கள்

ஜெசிந்தா மறுபடி வந்தாள். இன்று ஒன்றாம் எண்ணை எடுத்துக் காட்டினேன். அக்வாமரின், மரகத ஜாதி ரத்தினக் கல். என் உள்ளங்கை நீளம், ஆறு பட்டை, நீலமும் பச்சையும் கலந்த நிறம், உள்ளே ஒரு கீறல் கிடையாது. அடியில் வெள்ளைப் பாறையும் கொஞ்சம் காக்காப்பொன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெண் மூச்சு விடாமல் பார்த்தாள். கூடத்தின் நடுவில் இதை மட்டும் தனிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்றாள்.

சீட்டைப் படித்தாள். ‘சின்னக்கரடு, வடசரிவு, 1989.’

“இது எங்க சார் இருக்கு?”

“காங்கேயம் போற ரோட்டுல ஒரு சின்னக் குன்று. பஸ்ஸுலயே தெரியும்.”

“ஒருநா போய்ப் பாத்துட்டு வாரேன்.”

“எதுக்கும்மா?”

“பாறையப் பாக்கதுக்குத்தான் சார்.”

கல்லைக் கையில் வைத்திருக்கிறாள், சீட்டைப் படித்துவிட்டாள், இதற்கு மேல் அங்கே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? வேலையற்ற வேலை.

ஜூன் 18, ஞாயிறு

போய்விட்டாள். போய்விட்டு மத்தியானம் போன் செய்கிறாள். “சார், கரடு முழுக்கக் கருங்கல்லுதான். ஒங்க கல்லுக்கு அடியில இருக்க வெள்ளப்பாற அங்க ஒரு துண்டுகூட இல்ல. அது இல்லாம இந்தக் கல்லு வெளையாது சார்.”

எனக்கு வந்ததே கோபம்! “ஏம்மா, ஒரு காலம்பற சுத்திப்போட்டு வந்து கரட்டுக்கே சாதகம் எழுதறயா?” என்று கேட்டேவிட்டேன்.

“கோவப்படாதீங்க சார். ஒண்ணாம் நம்பருக்கே எடம் சரியா இல்லன்னா மத்ததுக்கு எப்படிக் கையெழுத்து வாங்குவேன்? அந்தக் கரட்ட அறிஞ்சவங்க வேற யாரும் இருக்காங்களா?”

“ஆரும் இல்ல” என்றேன்.

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கலாமணி, “ஏன் இல்லாம? மாரப்பண்ணன் இருக்கறாருல்லங். அந்தக் கரட்டுலயே கெடந்தவரு” என்றாள். அது போனில் கேட்டுவிட்டது. அந்தப் பெண் நம்பர் கேட்டாள். கலாமணி மனப்பாடமாக ஒப்பித்தாள்.

இத்தனை வருஷமாக என் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவளுக்கு இன்றைக்குத்தானா வாய் திறக்க வேண்டும்!

ஜூன் 19, திங்கள்

மாரப்பண்ணன் நான்கு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை.

ஜூன் 21, புதன்

போனை எடுக்காவிட்டால் நேரில் வந்துவிடுவார். வந்துவிட்டார்.

மாரப்பண்ணன் பஸ் கண்டக்டராக இருந்தவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் மீட்டர் பார்க்கப் போகும் தடத்தில் அவர் வண்டி ஓடியது, அப்படிப் பழக்கம். 1990 தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது ஒன்றாம் எண்ணைக் கையில் வாங்கினவர் கீழே வைக்கவேயில்லை. எங்கே எடுத்தாய் என்றார். சீட்டைக் காட்டினேன். கரட்டில் எந்த இடம் என்றார். காலண்டர் தாளின் பின்னால் படம் போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு சின்னக்கரட்டுக்குப் போனார். இருபத்தொரு வருஷம். அந்த நிறத்தில் ஒரு சில்லுகூடக் கிடைக்கவில்லை. முழங்கால் தேய்ந்துபோய், இனிமேல் மேடு ஏறக்கூடாது என்று டாக்டர் திட்டின பிறகுதான் நிறுத்தினார்.

இன்றைக்கு முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“ஏப்பா அர்த்தநாரி, அந்தப் புள்ள என்கிட்டக் கேக்குது, கரட்டுல வெள்ளப்பாறை பாத்திருக்கீங்களான்னு. நான் பாக்குலீன்னு சொன்னேன். ஆனா இருக்குதும்மான்னு அடிச்சுச் சொல்லிப்போட்டேன். எனக்கு ஆப்படலீங்கறதுக்காவ இல்லாமப் போயிருமா?”

“விடுங்ணா” என்றேன்.

“எப்புடி விடறது? ஒரு துண்டு வெள்ளப்பாறையக் கொண்டாந்து அந்தப் புள்ள கையில குடுத்துட்டா உன்ற கூடத்துக்குப் பிரச்சனை தீந்துது. உனக்குச் செய்யாம நான் ஆருக்குச் செய்யப்போறேன்?”

“கால் இருக்கற இருப்புல கரடு ஏறறீங்களா?”

“முட்டி கெடக்குது போ.”

காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். கலாமணி டம்ளரை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன என்றேன். “ஒண்ணுமில்லீங்” என்றாள்.

ஜூன் 26, திங்கள்

நேற்றுப் போயிருக்கிறார். வழுக்கி விழுந்திருக்கிறார். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். முழங்கால் வீங்கி வேட்டிக்கு மேலேயே தெரிகிறது. அவர் மகள் சிவகாமி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “நீங்க சொன்னாத்தான் மாமா அப்பா கேக்கும். எங்கம்மா சாகற வரைக்கும் ஒரு ஞாயித்துக்கெழமை அப்பா ஊட்டுல இருந்து பாத்ததில்லீங். இன்னுமாங் மாமா?”

உள்ளே போனேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு, வீக்கம் வடிந்ததும் மேற்குப் பக்கம் பார்க்கப்போவதாகத் திட்டம் சொன்னார். தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். சாத்துக்குடியில் ஒன்றை உரித்து எனக்கே கொடுத்தார்.

ஜூன் 28, புதன்

இதிலாவது எழுதிவிடுகிறேன்.

ஒன்றாம் எண் சின்னக்கரட்டில் எடுத்தது இல்லை. சின்னக்கரட்டில் நான் கால் வைத்ததே இல்லை. பஸ் ஜன்னலில் தெரிந்த ஒரு கரடு, பேர் தெரியும், எழுதிவிட்டேன். கல் கிடைத்தது ஊஞ்சக்காட்டுவலசில். அங்கே ஒரு தோட்டத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மீட்டர் பார்க்கப் போனவன். வெடி வைத்து அள்ளிக் கொட்டின குவியலில் மேலாகவே கிடந்தது. துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல் சேர்க்கிற எவனும் செய்கிற வேலைதான் இது. நல்ல இடத்தை வெளியே சொன்னால் மறு வாரமே வியாபாரி ஆட்களோடு வந்து சுரண்டிவிடுவான். அதனால் ஊரை மாற்றி எழுதுவோம். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைப்பு. மாரப்பண்ணன் கேட்டபோது திருத்தியிருக்கலாம். திருத்தாதது மட்டுமா, படம் வேறு போட்டுக் கொடுத்தேன். இரண்டாகப் பிளந்த ஒரு பாறை, பக்கத்தில் ஒரு வேம்பு. எந்தக் கரட்டில் இல்லை அது? இரண்டு வாரம் போய்விட்டுச் சலித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் சலிக்கவில்லை. வாரா வாரம் சொல்லலாம் சொல்லலாம் என்று, பிறகு எந்த முகத்தோடு சொல்வது என்று ஆகிவிட்டது.

1989 நாட்குறிப்பை இன்று தேடி எடுத்தேன். அதிலும் ‘சின்னக்கரடு’ என்றுதான் இருக்கிறது! கலாமணியின் தம்பி அப்போது கல் வியாபாரிகளோடு சுற்றிக்கொண்டிருந்தான், அவன் படித்துவிடக் கூடாதென்று என் சொந்த நாட்குறிப்பிலேயே பொய் எழுதியிருக்கிறேன். கெட்டிக்காரத்தனம்!

இன்னும் கேள். இப்படி மாற்றி எழுதினது எழுபது எண்பது இருக்கும். எந்த எண்பது? காலையிலிருந்து சீட்டுகளைப் பரப்பி வைத்துப் பார்க்கிறேன். எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே மை. ஓடப்பள்ளம் நிஜமா பொய்யா, எனக்கே தெரியவில்லை. நிஜ ஊர்களை எங்கேயும் குறித்து வைக்கவில்லை. மறக்கவா போகிறோம் என்ற திமிர்.

ஜூலை 1, சனி

சொல்லிவிட்டேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, எதையும் விடாமல், படம் போட்டது வரைக்கும். சொல்லும்போது அழுதுவிட்டேன். எழுந்து அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது.

மாரப்பண்ணன் சிரித்தார்.

“அட கிறுக்கா. காலேஜுப் புள்ள ஒருக்கா வந்து பாத்துட்டுப் போயிருச்சு, இனி கூட்டத்தோட வந்து கரட்டைத் தோண்டிப்போடுவாங்கன்னு பயந்துட்ட. அதுக்கு ஊரை மாத்திச் சொல்ற. சொல்லு, ஊருக்கெல்லாம் சொல்லு. என்கிட்டயுமா?”

“அண்ணா, நான் அந்தக் கரட்டுக்குப் போனதே இல்லீங்ணா.”

“போகாமயே படம் போட்டயாக்கும்? ரெண்டாப் பொளந்த பாறை அங்க இருக்குது. பக்கத்துலயே வேம்பு நிக்குது. நான் அதுக்கடியிலதான் இருவது வருசம் சோறு உண்டேன்.”

தலையில் அடித்துக்கொண்டேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

ஜூலை 5, புதன்

நேரில் காட்டினால் நம்புவார் என்று ஆட்டோ பேசி அவரை ஊஞ்சக்காட்டுவலசுக்கு அழைத்துக்கொண்டு போனேன். போகாமலே இருந்திருக்கலாம். தோட்டம் இருந்த இடம் முழுவதும் மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். கிணறு எந்த மூலை என்று பிடிபடவில்லை. மூடிவிட்டார்கள் போலிருக்கிறது. தோட்டக்காரர் பேர் என்ன? ஞாபகம் இல்லை. மாதா மாதம் அவர் வீட்டு மீட்டரைப் பார்த்தவன் நான்! டீக்கடையில் விசாரித்தேன். கடைக்காரர் ஏழு வருஷத்துக்கு முன்பு வந்தவராம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவைக் கேட்டேன். “இங்க கெணறுக்கா பஞ்சம்? எந்தக் கெணத்தைக் கேக்கறீங்?” என்றது.

வெயிலில் அங்கேயும் இங்கேயும் நடந்தேன். ஒரு துண்டு வெள்ளைப் பாறையாவது கண்ணில் படட்டும் என்று குனிந்து தேடினேன். எங்கிருந்தோ லாரியில் கொண்டுவந்து கொட்டின செம்மண்தான் கிடந்தது.

மாரப்பண்ணன் ஆட்டோவை விட்டு இறங்கவேயில்லை. திரும்பி வரும்போது பாதி வழியில் மெதுவாகக் கேட்டார். “ஏப்பா, ஒரு கல்லு நான் எடுத்துட்டா உனக்கு என்னப்பா கொறைஞ்சுபோயிரும்?”

கோபத்தில் கேட்கவில்லை. மனம் நொந்துபோய்க் கேட்டார். என் வாழ்நாளில் அவரிடம் நிஜத்தை மட்டும் பேசின நாள் இன்றைக்குத்தான். இன்றைக்குத்தான் அவர் என்னைப் பொய்யன் என்று நினைத்தார்.

ஜூலை 7, வெள்ளி

மோட்டார் மெக்கானிக் வந்தான். புட்வால்வு போய்விட்டதாம். மாற்றினான். தண்ணீர் ஏறுகிறது.

ஜூலை 10, திங்கள்

ஜெசிந்தாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கூடம் போனால் போகிறது. பெயர்ப்பலகையையே ஒருவன் விட்டுக்கொடுக்கிறான் என்றால் அதற்கப்புறமாவது அவர் நம்பித்தானே ஆக வேண்டும்? அந்தக் கணக்கில்தான் எழுதினேன். ஒன்றாம் எண் எங்கே எடுத்தது, ஏன் மாற்றினேன், இன்னும் எழுபது எண்பது சீட்டு இப்படி, எவை என்று தெரியாது. கீழே கையெழுத்து.

அந்தப் பெண் நேரில் வந்தாள். கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கண்தான் கலங்கியது.

“எது நெசம்னு ஒங்களுக்கே தெரியலன்னா முந்நூத்திப் பன்னெண்டையும் சந்தேகத்துலதான சார் வைக்கணும்? கொஞ்சம் கல்ல பிள்ளைங்க தொட்டுப் பாத்துப் படிக்க எடுத்துக்கிடுதேன். பேரு, ஊரு எதுவும் போட முடியாது.”

“ஒண்ணாம் நம்பருமா?”

“அதுக்குத்தான் சார் எனக்கே மனசு கேக்கல. கண்ணாடிக்குள்ள வச்சா எல்லாரும் மொதல்ல கேக்குறது, இது எங்க கெடச்சதுன்னுதான்.”

நாற்பது வருஷம் குனிந்து குனிந்து பொறுக்கினது. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கலாமணி ஜெசிந்தாவைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். மூன்று பேரும் தட்டைப்பயிற்றுக் குழம்பு சாப்பிட்டோம்.

ஜூலை 15, சனி

கடிதத்தின் நகலை மாரப்பண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். கூடம் கிடையாது என்று அந்தப் பெண் சொன்னதையும் சொன்னேன். சிவகாமியும் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார். நம்பிவிட்டார், முடிந்தது என்று எனக்கு மூச்சே திரும்பி வந்தது.

“ஒரு கூடத்தையே விட்டுக்குடுத்திருக்கற” என்றார்.

“ஆமாங்ணா.”

“பலகையில பேரு போடறேன்னாங்க. அதையும் வேண்டாம்னுட்ட.”

“ஆமாங்ணா.”

“அப்ப அந்தக் கரட்டுல நீ பாத்தது அந்த ஒரு கல்லு மட்டுமில்ல.” கிட்டே குனிந்தார். “என்னமோ பெருசா இருக்குது. எவ்வளவு பெருசுப்பா அர்த்தநாரி?”

எழுந்து வந்துவிட்டேன். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தது பாதி வழியில்தான் தெரிந்தது.

ஜூலை 18, செவ்வாய்

கலாமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “எனக்கு அப்பவே தெரியுமுங்” என்றாள். எப்பவே என்று கேட்டதற்கு, “1989-லயே. அன்னிக்கு நீங்க கொண்டாந்த துண்டைத் தொவைச்சவ நானு. வலசுல எவனோ கெணறு வெட்டறான்னு அன்னிக்குச் சோறு உங்கறப்ப நீங்களேதான் சொன்னீங்க” என்கிறாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கத்தினேன். “நீங்க கேட்டீங்களா?” என்றாள்.

ஜூலை 23, ஞாயிறு

காலை ஏழு மணிக்குச் சிவகாமி போன். “அப்பா கெளம்பிருச்சுங் மாமா. கடப்பாரையும் கையுமா. எவ்வளவோ சொல்லிப்போட்டேன்.”

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். சின்னக்கரட்டில் இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஏறினேன். ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. வடசரிவில் பார்த்த இடமெல்லாம் குழி. முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம், புல் மூடினது, கருவேலஞ்செடி முளைத்தது. முப்பது வரைக்கும் எண்ணினேன். அதற்கு மேல் எண்ண மனசு வரவில்லை. ஒவ்வொரு குழியும் அவருடைய எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று யோசித்தால் காலை எடுத்து வைக்கவே கூசியது.

மாரப்பண்ணன் மேலே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் கிளறிக் கிடந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“வந்துட்டயா? வருவேன்னு தெரியும்.”

“அண்ணா, சாமி சத்தியமா இங்க ஒண்ணுமில்லீங்ணா. வாங்க, போயரலாம்.”

“செரி, ஒண்ணுமில்ல. அப்ப நான் தோண்டறதுல உனக்கென்ன?”

“உங்களால முடியாதுங்ணா.”

“முடியுலதான். நீ தோண்டு.”

கடப்பாரையை என் பக்கம் தள்ளினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் ஒரு கையைத் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, தானே எழுந்திருக்கப் பார்த்தார். கடப்பாரையை எடுத்துக்கொண்டேன்.

கையில் இரண்டு கொப்புளம் வந்து உடைகிற வரைக்கும் தோண்டினேன். கருங்கல்லுக்கு அடியில் கருங்கல். “சித்தே தெக்க வா”, “அங்க ஒரு இடி போடு” என்று நிழலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். கட்டுச்சோற்றில் பாதியை எனக்குக் கொடுத்தார். என்மேல் அவருக்கு இருந்த வருத்தம் எல்லாம் போய்விட்டது, முகத்தில் தெரிந்தது. நான் ஒருவழியாக இடத்தைக் காட்ட வந்துவிட்டேன் என்று நினைக்கிறார். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆயிற்று இதுவரைக்கும்?

அடுத்த ஞாயிறு வெயிலுக்கு முன்னால் வந்துவிடு என்றார். செரிங்ணா என்றேன். நான் போகாவிட்டால் அவர் தனியாக ஏறுவார்.

இறங்குவதற்கு முன் மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். இத்தனை வருஷமும் தோண்டின குழி ஒவ்வொன்றையும் அதில் எழுதி வைத்திருக்கிறார், எனக்குத் தெரியாது. தேதி, பாறையிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம். ‘கிடைத்தது’ என்ற கடைசிக் கட்டத்தில் பக்கம் பக்கமாக ‘இல்லை’, ‘இல்லை’ என்று இருந்தது. இன்றைய தேதியைப் போட்டார். பாறைக்குத் தெற்கே பதினெட்டு அடி, ஆழம் இரண்டரை அடி. தோண்டியவர் அர்த்தநாரி. கிடைத்தது, இல்லை.

“செரியா இருக்குதா பாரு” என்று நோட்டை நீட்டினார்.

படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.